ஒயின் பாட்டிலும் பன்னிரண்டு விதிகளும்

விமான டிக்கெட் விற்கும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவளிடம் விமானத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பெட்டிக்குள் பாட்டிலை எப்படி வைப்பது என்றுதான் கேட்பார்கள். துணிமணிகளுக்கு நடுவே ஒரு கண்ணாடிப் பாட்டிலை வைத்துப் பூட்டிவிட்டு, பெட்டி கண்ணை விட்டு மறைந்த நொடியிலிருந்து நிம்மதி இழந்து பயணம் செய்தவர்கள் இதைப் படிப்பவர்களில் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். அந்தக் காலத்தில் தென்காசிப் பக்கம் இருந்தவர் நீங்கள் என்றால், உங்கள் பாட்டில் உடைந்ததற்கு நானே காரணமாக இருந்திருக்கவும் கூடும்.

எழுபதுகளின் பிற்பாதியில் தென்காசிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்த ஒரு சிறிய டிராவல்ஸ் அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றவள். முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றழைத்தது; நானும் அப்படியே அழைத்தேன். அவர் என்னை டீச்சர் என்றழைத்தார். நான் ஒரு நாளும் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. ஒரு வரியில் சொல்ல வேண்டியதை ஒன்பது வரியில் விளக்கும் என் வழக்கத்துக்கு அவர் வைத்த பெயர் அது. அலுவலகத்தின் மூன்றாவது ஆள் அண்ணாச்சியின் மைத்துனர் இசக்கி. பயணிகளை ஜீப்பில் ஏற்றித் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் விட்டுவருவது அவர் வேலை.

அப்போது எங்கள் அலுவலகம் சொந்தமாக டிக்கெட் எழுத முடியாது. ஒவ்வொரு டிக்கெட்டையும் திருவனந்தபுரத்தில் எழுதி வாங்கிவர வேண்டும். நாங்களே எழுத வேண்டுமானால் எங்களில் ஒருவர் பம்பாய்க்குப் போய்ப் பயிற்சி பெற்றுச் சான்றிதழோடு வர வேண்டும். அதன்பின் விமானக் கம்பெனியின் திருவனந்தபுரத்து அதிகாரி நேரில் வந்து பார்த்து அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திடுவார். அந்த ஒருவர் நானா, இசக்கியா என்பதுதான் கேள்வி. ஐந்தாண்டுகளாக மற்றவர்களின் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்த எனக்கு, என் கையெழுத்தைப் போடும் தாள் ஒன்றாவது வேண்டுமென்ற ஆசை இருந்தது. அண்ணாச்சி நிபந்தனையை ஒளிக்கவில்லை: “பாட்டில் உடஞ்சுட்டு, எண்ணெ ஒழுகிட்டுன்னு ஒருத்தரும் வந்து நிக்கக் கூடாது டீச்சர். நம்ம பேரக் கெடுக்காத ஆளத்தான் நான் பம்பாய்க்கு அனுப்புவேன்.”

விதிகள் பிறந்த கதை

வளைகுடாவுக்குப் போகிறவர் குற்றாலத்துத் தேனும் வீட்டில் காய்ச்சிய எண்ணெயும் கொண்டுபோவார். திரும்பி வருகிறவர்களில் சிலர் ஒயின் கொண்டுவருவார்கள். நம் பக்கத்தில் ஒயின் ஒரு வினோதமான பொருள். பிராந்தி என்றால் முகம் சுளிக்கும் வீடுகளிலும், ஒயின் என்றால் இரத்தம் ஊறும், நிறம் கொடுக்கும் என்று மருந்துக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். இந்தப் போக்குவரத்து முழுவதையும் ஒழுங்குபடுத்தத் தீர்மானித்து, ‘விமானத்தில் கண்ணாடிப் பாட்டில் எடுத்துச் செல்வோர் கவனத்திற்கு’ என்ற தலைப்பில் பன்னிரண்டு விதிகளைத் தட்டச்சு செய்து பிரதிகள் எடுத்தேன். மூடியை மெழுகால் அடைப்பது, மிக மென்மையான துணியில் சுற்றுவது, பெட்டியின் நான்கு பக்கங்களிலிருந்தும் சம தூரத்தில் வைப்பது எனப் பௌதிகம் எனக்குச் சொல்லிக்கொடுத்த அனைத்தும் அதில் இருந்தன.

முதல் பிரதியைச் சுரண்டையிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்தேன். இரண்டு முறை துபாய் போய்வந்த கொத்தனார். அவர் படித்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல், பன்னிரண்டையும் நானே படித்து, ஏழாம் விதிக்குப் படம் போட்டும் காட்டினேன். எதிர்விசை என்பதற்கு ஓர் உதாரணமும் சொன்னேன்.  நான் முடித்ததும் அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“எல்லாம் சரிதான் டீச்சர். நீங்க எத்தன தடவ பிளேன்ல போயிருக்கிய?”

மென்மையான துணி

வீரகேரளம்புதூரைச் சேர்ந்த முருகையா, மனைவிக்குப் பிள்ளை பிறந்த செய்தி கேட்டு விடுப்பில் வந்தார். பிள்ளை பெற்ற உடம்பு தேற ஒயின் நல்லது என்று மாமியார் கடிதம் எழுதியிருந்ததால், ஒரு பாட்டில் சிவப்பு ஒயினும் வாங்கியிருந்தார். போகும்போது நான் கொடுத்த விதிகளை அவர் துபாய்க்கே கொண்டுபோய், தம் அறைச் சுவரில் ஒட்டியிருந்தார் என்பதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. அந்தப் பெருமை, அவர் என் மேசைமேல் ஒரு சேலையை விரிக்கும்வரை நீடித்தது.

நான்காம் விதி, ‘மிக மென்மையான துணியில் சுற்றுக’ என்றது. முருகையா தம் பெட்டியிலிருந்த துணிகள் அனைத்தையும் கன்னத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். கைலிகள் சொரசொரப்பு, துண்டு அதைவிட மோசம். மனைவிக்கென்று வாங்கிய வெளிர்மஞ்சள் வெளிநாட்டுச் சேலையே மிக மென்மையாக இருந்தது. பாட்டில் உடையவில்லை. தக்கை மட்டும் வழியில் எங்கோ நெகிழ்ந்து, ஒயின் முழுவதும் சேலைக்குள் இறங்கிவிட்டது. ‘பழைய துணி’ என்ற இரண்டு சொற்களை நான் சேர்த்திருந்தால் போதும்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கைக்குழந்தையோடு பக்கத்தில் நின்ற அவர் மனைவி, சேலையின் ஊதா நிறம் ஏறிய பாதியையும் ஏறாத பாதியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“நெறம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். பாதிச் சேலைக்குத்தான் காணுது. அடுத்த வாட்டி ரெண்டு பாட்டிலாக் கொண்டாரச் சொல்லுங்க.”

உறுதியான கண்ணாடி

ஒயின் பாட்டிலின் கண்ணாடி கனமானது. அடிப்பாகம் உட்குழிந்திருப்பதால் அழுத்தத்தைத் தாங்கும். ஆகவே, ‘தேன், எண்ணெய் முதலியவற்றைக் காலி ஒயின் பாட்டிலில் ஊற்றிச் செல்வது உத்தமம்’ என்று ஒன்பதாம் விதியில் எழுதியிருந்தேன். பௌதிகப்படி அதில் பிழையே இல்லை.

கடையநல்லூரிலிருந்து காதர் பாய் என்ற நெசவாளர் முதல் முறையாக அரபு நாட்டுக்குப் புறப்பட்டார். ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறவர். ஒயின் பாட்டில் என்றால் எப்படி இருக்குமென்றே அவருக்குத் தெரியாது. அலுவலகத்தில் கழுவி வைத்திருந்த ஒரு பாட்டிலை நானே எடுத்துக்கொடுத்தேன். அவர் வீட்டில் காய்ச்சிய எண்ணெயை அதில் நிரப்பி, முதல் விதிப்படி மெழுகால் அடைத்துக்கொண்டு போனார். மது அடியோடு தடைசெய்யப்பட்ட தேசத்துக்கு, முத்திரையிட்ட ஒயின் பாட்டிலோடு, லேபிளைக்கூடக் கிழிக்காமல் அந்த மனிதரை அனுப்பிவைத்திருக்கிறேன் என்பது, ஒரு மாதம் கழித்து அண்ணாச்சிக்கு வந்த கடிதத்திலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

சுங்கச் சோதனையில் அதிகாரி முதலில் லேபிளைப் பார்த்தாராம். பிறகு பாயின் தாடியைப் பார்த்தாராம். மறுபடியும் லேபிளைப் பார்த்தாராம். இவருக்கு அரபி பேச வராது. அவருக்குத் தமிழ் வராது. துப்பாக்கி வைத்திருந்த இன்னொருவர் பக்கத்தில் வந்து நின்றதும், பாய் தொப்பியைக் கழற்றிவிட்டு, பாட்டிலைத் திறந்து, உச்சந்தலையிலிருந்து கழுத்துவரை வழிய வழியத் தேய்த்துக் காட்டியிருக்கிறார். எண்ணெய் நெடியில் அதிகாரி தும்மினாராம். உடனே போகச் சொல்லிவிட்டாராம். கடிதத்தின் கடைசி வரியை அண்ணாச்சி எனக்காக இரண்டு முறை படித்தார்:

“டீச்சரம்மாவிடம் சொல்லவும், ஒரு வருசத்துக்குக் கொண்டுவந்த எண்ணெயை ஒரே நேரத்தில் தேய்த்துக்கொண்டபடியால் மூளை நன்றாகக் குளிர்ந்திருக்கிறது, அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.”

மேலிருந்து ஒரு சோதனை

கடிதத்தை மடித்து வைத்த அண்ணாச்சி, “இசக்கியே பம்பாய்க்குப் போகட்டும்னு நெனக்கேன்” என்றார். அன்றிரவு நான் உறங்கவில்லை என்று எழுதினால் அது மிகை, உறங்கினேன். ஆனால் காலையில் எழுந்ததும் விதிகள் அனைத்தையும் திருத்தினேன். பழைய துணி என்றேன். லேபிளைக் கிழிக்கச் சொன்னேன். தக்கையின்மேல் நூல் கட்டச் சொன்னேன். இனி எந்த விதியையும் சோதித்துப் பார்க்காமல் எழுதுவதில்லை என்றும் முடிவுசெய்தேன்.

ஒரு பாட்டிலில் பீட்ரூட் அவித்த நீரை நிரப்பித் திருத்திய விதிகளின்படி பெட்டியில் கட்டினேன். விமான நிலையத்தில் பெட்டிகள் எப்படிக் கையாளப்படும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாததால், எங்கள் எதிரே நின்ற பேருந்தின் கூரையிலிருந்து அதைக் கீழே போடுவதே நியாயமான சோதனை என்று பட்டது. மூட்டை ஏற்றும் தொழிலாளி ஒருவர் பெட்டியோடு மேலே ஏறினார். நான் கீழே நின்று, எந்தக் கோணத்தில் போட வேண்டும் என்று கைகளால் காட்டினேன். கூட்டம் கூடிவிட்டது. பெட்டி ஒரு மூலையில் விழுந்து, ஒரு குட்டிக்கரணம் அடித்து, மல்லாந்து கிடந்தது. திறந்தேன். பாட்டில் முழுசாக இருந்தது. ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, “சரி டீச்சர், நீங்களே போங்க” என்றார்.

பௌதிகமே வென்றது என்று நான் நிமிர்ந்து நின்றபோது, பூக்கூடையோடு நின்ற ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது:

“ஏட்டி, அது புருசன் பெட்டியாத்தான் இருக்கும். பாத்தியா, எறியச் சொல்லிட்டு, ஒடஞ்சுட்டா இல்லையான்னு தெறந்து வேற பாக்கா.”

எனக்குத் திருமணமே ஆகவில்லை என்பதை அந்த அம்மாளுக்கு விளக்க நேரமில்லாமல் போயிற்று.

இரண்டு பாட்டில்கள்

பம்பாயில் இரண்டு வாரப் பயிற்சி. விமானத்தில் ஏறியதும் முதல் தடவையாக அந்தப் பயணத்தில்தான். தேர்வில் நன்றாகவே செய்து சான்றிதழ் வாங்கினேன். புறப்படும் நாளன்று பயிற்சியாளர் இரண்டு ஒயின் பாட்டில்களை என்னிடம் நீட்டினார். எங்கள் திருவனந்தபுரத்து அதிகாரி அவருடைய பழைய நண்பர். “அவரிடம் சேர்த்துவிடுங்கள், பத்திரம்” என்றார். பாட்டிலைப் பற்றி என்னிடம் ஒருவர் ‘பத்திரம்’ என்று சொன்னபோது, நான் சிரித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஒவ்வொரு விதியையும் வரிசையாகப் பின்பற்றினேன். சான்றிதழ் கசங்காமலிருக்க அதைப் பெட்டியின் அடியில் தட்டையாக வைத்தேன். இரண்டு பாட்டில்களையும் சேர்த்து ஒரே பழைய போர்வையில் இறுக்கமாகச் சுற்றினேன். என் விதிகள் அனைத்தும் ஒரு பாட்டிலுக்கானவை. ஒரு பாட்டிலை உடைக்க இன்னொரு பாட்டிலைவிடச் சிறந்த கருவி இல்லை என்பது, திருவனந்தபுரத்தில் பெட்டியைக் கையில் வாங்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. பெட்டியின் மூலை ஈரமாக இருந்தது. உள்ளே ஒன்று உடைந்து, இன்னொன்று பிழைத்திருந்தது. சான்றிதழ் வெள்ளையாக இல்லை.

அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் விடுப்பில் குடும்பத்தோடு குற்றாலத்துக்குப் போய்விட்டார் என்றும், ஞாயிறன்று எங்கள் அலுவலகத்தைப் பார்த்துவிட்டு அன்றே ஊர் திரும்புவார் என்றும் சொன்னார்கள். பிழைத்த பாட்டிலை அவரிடம் நேரிலேயே கொடுத்துவிடலாம் என்ற நிம்மதியோடு தென்காசிப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். வழியில் ஒரு மாநில எல்லை இருக்கிறது என்பதும், எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு அமலில் இருந்தது என்பதும், பன்னிரண்டு விதிகளில் ஒன்றிலும் இல்லை.

அன்னாசிப்பழ மூட்டை

புனலூரில் ஒருவர் அன்னாசிப்பழ மூட்டையோடு ஏறி என் இருக்கைக்குப் பின்னால் அமர்ந்தார். பேருந்து மலையேறத் தொடங்கி வெயிலும் ஏறியதும், என் பெட்டி தன் இருப்பைத் தெரிவிக்க ஆரம்பித்தது. கண்டக்டர் மூக்கைச் சுளித்து, “வே, உம்ம பழம் அழுகிட்டு” என்றார். அந்த மனிதர் ஒவ்வொரு பழமாக எடுத்து முகர்ந்து பார்த்தார். நான் மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைவிடக் கேவலமாக நான் நடந்துகொண்ட நாள் வேறொன்று நினைவில்லை.

எல்லைச் சாவடியில் ஒரு காவலர் ஏறினார். இரண்டடி வைத்ததுமே நின்று, நேராக அன்னாசிப்பழக்காரரிடம் போய், “எறங்கும்வே கீழ. மூட்டைக்குள்ள என்ன வச்சிருக்கீரு?” என்றார். அந்த மனிதர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்று, வாசனை என் பெட்டியிலிருந்துதான் வருகிறது, உள்ளே ஒயின் பாட்டில்கள் இரண்டு, ஒன்று உடைந்தது, ஒன்று முழுசு என்றேன். காவலர் என் மூக்குக்கண்ணாடியையும், நூல் சேலையையும், கையிலிருந்த ஃபைலையும் பார்த்துவிட்டு, “நீங்க உக்காருங்கம்மா. பாவம்னு பாத்து இவனக் காப்பாத்தாதிய” என்றார். நானே பெட்டியை இறக்கித் திறந்து காட்ட வேண்டியதாயிற்று.

கொண்டுபோக உரிமச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் கீழே கொட்டத்தான் வேண்டும் என்றார். அதுவே முறை என்று நானும் ஒத்துக்கொண்டேன். போர்வை, துண்டு, நூல், மெழுகு எல்லாவற்றையும் பிரித்து அந்தப் பாட்டிலை வெளியே எடுக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. பேருந்தே இறங்கி நின்று பார்த்தது. சாலையோரத்து மண் ஒயினை உறிஞ்சி முடித்ததும் காவலர் சொன்னார்:

“இந்தச் சாவடிக்கு வந்து மூணு வருசமாச்சு. இம்புட்டுப் பத்திரமா எவனும் கொண்டாந்ததுமில்ல, கேக்குமுன்னே எவனும் ஒத்துக்கிட்டதுமில்ல. இந்தத் தொழில் உங்களுக்குச் சரிப்படாதும்மா, போய்ட்டு வாங்க.”

அதிகாரியின் கையெழுத்து

ஞாயிறு காலை அதிகாரி வந்தார். அருவியில் குளித்த தலை ஈரம் காயவில்லை. முகத்தில் நல்ல மலர்ச்சி இருந்தது. அவரிடம் கொடுக்க என்னிடம் ஒயின் இல்லை. இரண்டு நாள் வெயிலில் காயவைத்தும் மணம் போகாத ஊதாநிறச் சான்றிதழ் மட்டும் இருந்தது. முந்திய நாள் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். “சர்டிபிகேட் வழியில தொலஞ்சிட்டுன்னு சொல்லிருவோம் டீச்சர், வேற ஒண்ணு பம்பாயிலேருந்து வரவழைச்சுக்கிடலாம்” என்றார். அப்படிச் சொன்னால் பாட்டில்கள் எங்கே என்ற கேள்விக்கு இன்னொரு பொய் வேண்டும். ஒரு பொய்யைச் சுற்றி இன்னொன்றை வைத்துக் கட்டுவதில் எனக்கிருந்த நம்பிக்கை அந்த வாரத்தோடு போய்விட்டது. நடந்ததை வரிசை எண் போட்டு ஒரு தாளில் எழுதிச் சான்றிதழோடு சேர்த்து அவர் முன்னால் வைத்தேன். அனுமதிக் கடிதம் கிடைக்காமல் போனால் டிக்கெட் எழுதும் நாற்காலி இசக்கிக்கு. அதையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் தாளை நிதானமாகப் படித்தார். சான்றிதழை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். நல்ல ஒயினாக இருந்தது என்பதை, “நல்ல ஒயின் ஆயிருந்நு” என்று தம் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி வாசலில் நின்ற இசக்கியிடம் திரும்பி, “நீ எத்ர பாட்டில் இது வழி கொண்டு வந்து?” என்று கேட்டார். “எண்ணுனதில்ல சார்” என்றார் இசக்கி. “எத்ர உடஞ்சு?” என்றார் அவர். “உடஞ்சா சொல்லவா செய்வேன்?” என்றார் இசக்கி. அதில் அவமதிப்பு ஏதுமில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

அதிகாரி ஒரு வெற்று டிக்கெட்டை என் பக்கம் தள்ளி, திருவனந்தபுரத்திலிருந்து பம்பாய் வழியாகத் துபாய்க்கு எழுதச் சொன்னார். எழுதினேன். ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டுச் சரிபார்த்தார். ஓர் இடத்திலும் விரல் நிற்கவில்லை. பிறகு பேனாவைத் திறந்து, அனுமதிக் கடிதத்தில் என் பெயருக்குக் கீழே கையெழுத்திட்டுவிட்டு, எங்கள் மூவரையும் பார்த்துச் சொன்னார்:

“டிக்கெட் இவங்க எழுதட்டே, பெட்டி அவன் கட்டட்டே. ஒரு காலத்திலும் மாறிப் போகண்டா.”

அதன்பின் பல ஆண்டுகள் நான் கையெழுத்திட்ட டிக்கெட்டுகள் யாவும் உரியவர்களை உரிய ஊரில் சேதமின்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தன என்பதையும், அதற்கு அவை கண்ணாடியால் செய்யப்படாததே முக்கியக் காரணம் என்பதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.